பாத்தித் தரவு ஓரிடம், விவசாயியின் தரவு வேறிடம்

ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது என்று இதழிலிருந்து வரும் மின்னஞ்சலிலேயே ஒரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வருகிறது: இதற்கு ஆதாரமான தரவு எங்கே கிடைக்கும்? வேளாண் ஆராய்ச்சியில் பலர் தங்கள் தரவை ஒரு பொருளாக நினைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டத்தில்தான். அப்போது கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஓர் எக்செல் கோப்பு. முதல் தாளில் ஆராய்ச்சிப் பண்ணையில் பாத்தி பாத்தியாகப் போட்ட நெல் ஆய்வின் விளைச்சல் கணக்கு. இரண்டாவது தாளில் சுற்றுவட்டார ஊர்களில் எடுத்த கணக்கெடுப்பு: விவசாயியின் பெயர், கைபேசி எண், சர்வே எண், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, எவ்வளவு கடன், ஆழ்துளைக் கிணற்றின் ஆழம், எந்த விதை.

இந்தக் கோப்பை என்ன செய்யலாம்? கேட்பவர்களுக்குத் தருவோம் என்று எழுதிவிடலாம். கட்டுரையோடு இணைப்பாகக் கொடுக்கலாம். நிறுவனத்தின் சொந்தக் களஞ்சியத்தில், அதாவது தரவைச் சேமித்துப் பகிரும் இணையதளத்தில், ஏற்றலாம். ஜெனோடோ, டிரையாட் போன்ற பொதுக் களஞ்சியத்துக்குப் போகலாம். டேட்டாவெர்ஸ் வகைக் களஞ்சியத்தில் வைக்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் களஞ்சியம் என்பது இரண்டாவது கேள்வி. அந்த இரண்டு தாள்களையும் பிரிப்பதே முதல் வேலை. பிரிக்காமல் எடுக்கும் எந்த முடிவும் ஒரு பக்கம் அளவுக்கு மீறித் திறந்ததாகவோ, மறுபக்கம் காரணமில்லாமல் பூட்டியதாகவோதான் அமையும்.

கேட்டால் தருவோம்

இதுதான் எல்லோருக்கும் பிடித்த வழி. ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. நடைமுறையில் இதன் பொருள் பெரும்பாலும் "தரமாட்டோம்" என்பதே. 2014இல் வெளியான ஓர் ஆய்வு 516 பழைய கட்டுரைகளின் ஆசிரியர்களைத் தேடிப்பிடித்துத் தரவு கேட்டது. கட்டுரைக்கு ஒரு வயது கூடும்போதெல்லாம் தரவு கிடைப்பதற்கான சாதக விகிதம் (கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள விகிதம்) 17 சதவீதம் குறைந்துகொண்டே போனது. மின்னஞ்சல் முகவரி செத்துப்போயிருந்தது, அல்லது தரவு இருந்த கணினி போயிருந்தது. 2022இல் மருத்துவத் துறையில் இன்னொரு குழு 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு எழுதியது. எல்லோருமே கேட்டால் தருவதாக அச்சில் சொன்னவர்கள். உண்மையில் தந்தவர்கள் 7 சதவீதம்கூட இல்லை.

வேளாண்மையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வயல் ஆய்வு மூன்று பருவம், நான்கு பருவம் என்று இழுக்கும். மழை வந்து கெடுக்கும், எலி வெட்டும். அத்தனை பாடுபட்டுச் சேர்த்த எண்களை வேறொருவர் எடுத்து முந்திக்கொண்டு கட்டுரை எழுதிவிடுவாரோ என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு மருந்து பூட்டு அல்ல, தவணை. பல களஞ்சியங்களில் கோப்பை இன்றே ஏற்றி, ஓராண்டோ இரண்டாண்டோ கழித்துத் திறக்கும்படி தேதி குறிக்கலாம். ஏற்றிய நாளும் உங்கள் பெயரும் இன்றே பதிவாகிவிடும். முந்திக்கொள்ள வருபவருக்கு எதிராக உங்களிடம் இருக்கும் சாட்சி அதுதான்.

இதழின் இணைப்புக் கோப்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தனி அடையாள எண் இருக்காது, அட்டவணை பல நேரம் பிடிஎஃப் ஆகக் கிடக்கும், தேடினால் கிடைக்காது. கட்டுரையில் இருக்கும் நான்கு வரைபடங்களுக்கான எண்களைத் தர அது போதும். அதற்கு மேல் வேண்டாம்.

சொந்த வீட்டுக் களஞ்சியம்

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013இல் திறந்த அணுக்கக் கொள்கையை அறிவித்தது. அதன் நிறுவனங்களின் தரவுக்கும் வெளியீடுகளுக்கும் கிருஷி என்ற மையத் தளம் இருக்கிறது. அதற்கு முன்பே, 2012இல், மத்திய அரசு தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையை அறிவித்து, அரசின் திறந்த தரவுத் தளத்தையும் தொடங்கியது. கழகத்தின் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு நிறுவனக் களஞ்சியம் தேர்வு அல்ல, கடமை. பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் தங்கள் நிறுவனத்தின் விதியையும் நிதி கொடுத்தவரின் ஒப்பந்தத்தையும் படித்துவிட்டுத்தான் மற்ற இடங்களை யோசிக்க வேண்டும். பணம் கொடுத்த திட்டத்தின் ஒப்பந்தத்தில், தரவு யாருக்குச் சொந்தம் என்ற பத்தி கடைசிப் பக்கத்தில் எங்காவது இருக்கும்.

சொந்த வீட்டின் பலம், சிக்கல் வந்தால் பொறுப்பேற்க ஒரு பதவி இருப்பதும் இந்தியச் சட்டம் நேரடியாகச் செல்லுபடியாவதும்தான். பலவீனம், சர்வர். அங்கே ஏற்றுமுன் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். கோப்புக்கு டிஓஐ எண், அதாவது இணைய முகவரி மாறினாலும் மாறாத அடையாள எண், கிடைக்குமா? உள்நுழையாத ஒருவர் விவர அட்டையையாவது (தரவு எதைப் பற்றியது என்ற குறிப்பை) பார்க்க முடியுமா? இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகள் வேலை செய்யுமா? மூன்றுக்கும் தலையசைப்பு வந்தால் வெளியூர் போக வேண்டிய அவசியம் குறைவு. இரண்டு இடத்தில் வைப்பதானால் ஒன்றை மூலம் என்று அறிவித்து, மற்றொன்றில் அதற்கான இணைப்பை மட்டும் கொடுங்கள். ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் திருத்தப்பட்டுக் கிடப்பதைவிட மோசமான நிலை வேறில்லை.

ஜெனோடோ, டிரையாட், டேட்டாவெர்ஸ்

மூன்றிலும் கோப்புக்கு டிஓஐ கிடைக்கும், மூன்றும் நம்பகமானவை. வேறுபாடு பூட்டு எங்கே இருக்கிறது என்பதில்தான்.

ஜெனோடோ 2013இல் தொடங்கியது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகம் நடத்துகிறது. இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம். திருத்திய கோப்பைப் புதிய பதிப்பாக ஏற்றினால் அதற்குத் தனி எண், எல்லாப் பதிப்புகளுக்கும் சேர்த்து ஒரு பொது எண் என்று ஒழுங்காகக் கணக்கு வைக்கும். ஆனால் பூட்டு பதிவு அளவில். ஒரு பதிவில் உள்ள கோப்புகள் எல்லாம் திறந்திருக்கும், அல்லது எல்லாம் பூட்டியிருக்கும்.

டிரையாடில் ஆட்கள் உட்கார்ந்து கோப்பைப் பார்த்து, குறை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அது பெரிய உதவி. ஆனால் கட்டணம் உண்டு, உரிமம் சிசி ஜீரோ (பெயர்கூடச் சொல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்பது) மட்டும்தான், பூட்டி வைக்க வழியில்லை. பாத்தித் தரவுக்கு அருமையான இடம். விவசாயியின் தரவைத் தெரியாமல்கூட அங்கே கொண்டுபோகக் கூடாது.

டேட்டாவெர்ஸ் என்பது ஹார்வர்டில் உருவான மென்பொருள். யார் வேண்டுமானாலும் தங்கள் நிறுவனத்தில் நிறுவிக்கொள்ளலாம். ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் உள்ள பயிர் ஆராய்ச்சி மையமான இக்ரிசாட், மெக்சிகோவில் உள்ள கோதுமை, மக்காச்சோள ஆராய்ச்சி மையமான சிமிட் போன்றவை அப்படித்தான் வைத்திருக்கின்றன. சொந்தமாக நிறுவ வசதி இல்லாதவர்களுக்கு ஹார்வர்டின் களஞ்சியமே எந்த நாட்டு ஆராய்ச்சியாளருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. இங்கே பூட்டு கோப்பு அளவில். ஒரே தொகுப்புக்குள் பாத்திக் கோப்பைத் திறந்து வைத்து, கணக்கெடுப்புக் கோப்பை மட்டும் அனுமதி கேட்டு வாங்கும்படி வைக்கலாம். இரண்டுக்கும் ஒரே விவர அட்டை, ஒரே மேற்கோள். கூடவே, அட்டவணைக் கோப்பை ஏற்றும்போது எக்செல், ஸ்டாட்டா, எஸ்பிஎஸ்எஸ் எதுவானாலும் எளிய உரை அட்டவணையாகவும் மாற்றி வைத்துக்கொள்ளும். பதினைந்து வருடம் கழித்து அந்த மென்பொருள் இல்லாவிட்டாலும் எண்கள் பிழைத்திருக்கும்.

பாத்தித் தரவும் கணக்கெடுப்பும் கலந்த வேலைக்கு என் ஓட்டு டேட்டாவெர்ஸுக்கு. வெறும் பாத்தித் தரவானால் ஜெனோடோ போதும், வேகமும் அதிகம்.

எங்கே வைத்தாலும் பாத்தித் தாளைச் சுத்தம் செய்யாமல் ஏற்றுவதில் பயனில்லை. "விளைச்சல்" என்று தலைப்பிட்ட ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) 4.2 என்று இருக்கும். பாத்திக்கு எத்தனை கிலோவா, எக்டருக்கு எத்தனை டன்னா? 14 சதவீத ஈரப்பதத்துக்குத் திருத்தியதா, களத்தில் தூற்றியவுடன் எடை போட்டதா? 0 என்று இருப்பது பயிர் செத்த பாத்தியா, அளக்க மறந்த பாத்தியா? பத்தாவது பிளாக்கின் ஐந்தாவது பாத்தியை 10-5 என்று எழுதினால், எக்செல் அதை நமக்குத் தெரியாமலேயே தேதியாக மாற்றி வைத்திருக்கும். தமிழ்நாட்டுத் தரவுக்கே உரிய இன்னொரு தொல்லை, எழுத்துரு. பழைய கணக்கெடுப்புகளில் ஊர்ப் பெயரும் விவசாயி சொன்ன பதிலும் பாமினியிலோ வானவில்லிலோ அடித்துக் கிடக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, ஒரு பத்தியையாவது கண்ணால் சரிபார்த்த பிறகே ஏற்ற வேண்டும். 2016இல் வெளியான ஃபேர் கொள்கைகள், தரவைத் தேடிக் கண்டுபிடிக்க, எடுக்க, பிறவற்றோடு இணைக்க, மறுபடி பயன்படுத்த முடிய வேண்டும் என்கின்றன. கடைசி இரண்டும் களஞ்சியத்தால் வருவதில்லை. அலகு எழுதிய தலைப்பாலும் ஒரு பக்க விளக்கக் குறிப்பாலும் வருகின்றன.

பாத்தித் தரவைத் திறந்து வைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பிராட்பால்க் கோதுமை வயல் 1843 முதல் இடைவிடாமல் ஓடுகிறது. கோயம்புத்தூரில் நிலையான உர ஆய்வு 1909இல் தொடங்கியது. இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொடங்கியவர்கள் யாரும் முடிவைப் பார்க்க இருக்கப்போவதில்லை. தரவு அடுத்தவர் கைக்குப் போகும் என்ற கணக்கில்தான் வேலையே தொடங்குகிறது.

பெயரை நீக்கினால் போதுமா

இரண்டாவது தாளுக்கு வருவோம். பலர் செய்வது இது: பெயர், கைபேசி எண் இரண்டு பத்திகளையும் அழித்துவிட்டு, "அடையாளம் நீக்கப்பட்டது" என்று எழுதி ஏற்றிவிடுவது. தமிழ்நாட்டில் இது செல்லாது. ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் இருந்தால், வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டாவும் அ-பதிவேடும் பார்க்கலாம். உரிமையாளர் பெயர் அதில் இருக்கும். சர்வே எண்ணையும் அழித்துவிட்டு, ஜிபிஎஸ் புள்ளியை மட்டும் விட்டால்? அரசின் நில வரைபடத் தளத்தில் அந்தப் புள்ளியைத் தொட்டால் சர்வே எண் வந்துவிடும். அங்கிருந்து பெயருக்கு இரண்டே சொடுக்குகள். ஐந்து தசம இடத்தில் எழுதிய ஜிபிஎஸ் புள்ளி ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம். வரப்பின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுகூடத் தெரியும்.

பெயர் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களும் உண்டு. கடன் தொகை ஊருக்குத் தெரியும். பதிவு செய்யாத குத்தகை நில உரிமையாளருக்கும் உறவினருக்கும் சண்டை மூட்டும். எந்த விதை என்ற பத்தி சில பயிர்களில் நேரடியாகச் சட்டச் சிக்கல். 2019 ஜூனில் மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்தில், அனுமதி இல்லாத களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதையை விவசாயிகள் போராட்டமாகவே விதைத்தபோது அவர்கள்மேல் வழக்குப் பதிவானது. அவர்கள் தெரிந்து, அறிவித்து விதைத்தவர்கள். நம்பிக்கையின் பேரில் ஓர் ஆராய்ச்சி மாணவரிடம் விதையின் பெயரைச் சொன்ன விவசாயி அப்படி எதற்கும் துணிந்து சொன்னவர் அல்லர்.

ஜிபிஎஸ் புள்ளியைத் தோராயமாக்கலாம். இரண்டு தசம இடத்தோடு நிறுத்தினால் துல்லியம் சுமார் 1.1 கிலோமீட்டராகக் குறையும். டெல்டாவில் அந்தச் சதுரத்துக்குள் நூற்றுக்கணக்கான பட்டாக்கள் அடங்கும், யாரென்று சொல்ல முடியாது. மலையூரில் அதே சதுரத்துக்குள் ஒரே வீடு இருக்கலாம். எனவே ஒரே விதி எல்லா ஊருக்கும் பொருந்தாது. பல நாடுகளில் நடக்கும் டிஎச்எஸ் சுகாதாரக் கணக்கெடுப்பு, நகரப் புள்ளிகளை 2 கிலோமீட்டர் வரைக்கும் கிராமப் புள்ளிகளை 5 கிலோமீட்டர் வரைக்கும் வேண்டுமென்றே நகர்த்தி வைக்கிறது. கிராமப் புள்ளிகளில் நூற்றில் ஒன்றை 10 கிலோமீட்டர் வரைகூட நகர்த்துகிறது.

நகர்த்தினால் ஆராய்ச்சிக்குப் பயன்படுமா என்பது அடுத்த கேள்வி. எதோடு இணைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்திய வானிலைத் துறையின் மழைத் தரவுக் கட்டம் கால் டிகிரி, அதாவது ஏறத்தாழ 28 கிலோமீட்டர். புள்ளி ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தால் மழைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி 10 மீட்டர். அங்கே நகர்த்திய புள்ளி பக்கத்து வாழைத் தோப்பை நெல் என்று காட்டும். இதற்கு எனக்குப் பிடித்த வழி, துல்லியமான புள்ளியை வைத்துப் பசுமைக் குறியீட்டையும் (படத்தில் பயிர் எவ்வளவு பசுமையாகத் தெரிகிறது என்ற எண்) மண் வகையையும் நாமே எடுத்துக்கொண்டு, அந்த மதிப்புகளை மட்டும் கோப்பில் வைப்பது. மதிப்பைத் தோராயப்படுத்தித்தான் வைக்க வேண்டும், ஏனெனில் மிகத் துல்லியமான எண்ணே ஓர் அடையாளமாகிவிடும். அசல் புள்ளிகள் பூட்டிய கோப்பில் இருக்கட்டும்.

புள்ளி இல்லாமலும் ஆள் தெரியலாம். ஊரில் பட்டுப்புழு வளர்க்கும் ஒரே பெண், பன்னிரண்டு ஏக்கருக்கு மேல் உள்ள ஒரே குடும்பம். அமெரிக்காவில் அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பால் ஆகிய மூன்றை மட்டும் வைத்து மக்களில் 87 சதவீதத்தினரைத் தனியாக அடையாளம் காணலாம் என்று கணினி அறிஞர் லட்டான்யா ஸ்வீனி 2000இல் கணக்கிட்டுக் காட்டினார். நம் ஊர்க் கணக்கெடுப்பில் மாதிரி நாற்பது பேர். ஊர், வயது, சாதி, ஏக்கர், பயிர் ஐந்தும் இருந்தால் அந்த ஊர்க்காரர் எவரும் படித்த உடனே சொல்லிவிடுவார்.

அப்படியென்றால் விவசாயியின் தரவைப் பகிரவே கூடாதா? இக்ரிசாட் 1975இல் தொடங்கிய கிராம ஆய்வுகள் எதிர்ச் சான்று. அன்றைய ஆந்திரத்தின் அவுரேபள்ளி, மகாராஷ்டிரத்தின் ஷிராப்பூர், கன்சாரா ஆகியவை உட்பட்ட சில ஊர்களில் களப்பணியாளர்கள் அங்கேயே தங்கி, ஆண்டுக்கணக்கில் ஒரே குடும்பங்களின் வரவு, செலவு, பயிர், கடன் எல்லாவற்றையும் குறித்தார்கள். ஊர்ப் பெயர்கள் வெளிப்படை, குடும்பங்கள் வெறும் குறியீட்டு எண்கள். அந்தத் தரவு வெளியாருக்கும் கிடைத்ததால்தான், பொருளாதார அறிஞர் ராபர்ட் டவுன்செண்ட் 1994இல், ஏழைக் கிராமத்துக் குடும்பங்கள் கெட்ட காலத்தில் ஒருவரையொருவர் எந்த அளவுக்குத் தாங்குகின்றன என்று கணக்கிட முடிந்தது. இன்றும் பொருளாதார மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். பூட்டி வைத்திருந்தால் அந்த விவசாயிகள் மணிக்கணக்கில் பதில் சொன்னது வீண்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வகுத்த தரங்களைப் பின்பற்றி, அந்த நபரைப் பற்றித் தனியாக எந்த முடிவும் எடுக்காத ஆராய்ச்சிக்கு விலக்கு அளிக்கிறது. அந்தத் தரங்களைச் சொல்லும் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால் சட்டம் விட்டாலும் வாக்குறுதி விடாது. ஒப்புதல் படிவத்தில் "உங்கள் பதில்கள் எங்கள் ஆராய்ச்சிக்கு மட்டுமே, வேறு யாருக்கும் தரமாட்டோம்" என்று வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தக் கோப்பு அதோடு பூட்டப்பட்டது. அடுத்த கணக்கெடுப்புக்கு வேண்டுமானால் வாசகத்தை மாற்றலாம்: "உங்கள் பெயர், கைபேசி எண், சர்வே எண் ஆகியவற்றை நீக்கிவிட்டு, மீதி விவரங்களை மற்ற ஆராய்ச்சியாளர்களும் பயன்படுத்தும்படி சேமித்து வைப்போம். விருப்பமில்லை என்றால் சொல்லுங்கள், அதனால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை." விவசாயிகள் பெரும்பாலும் மறுப்பதில்லை. முடிவு என்ன ஆயிற்று என்று யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை என்பதுதான் அவர்களுடைய வழக்கமான குறை.

எந்த உரிமம்

பாத்தித் தரவுக்குச் சிசி பை 4.0 போதும். பெயரைச் சொல்லிவிட்டு யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். சிசி ஜீரோ அதைவிடத் தாராளம், நூறு தரவுத் தொகுப்புகளைச் சேர்த்துக் கணினியில் பயிர் வளர்ச்சியைக் கணக்கிடுபவர்களுக்கு அது வசதி. ஆனால் நம்மூரில் பெயர் போடும் கட்டாயத்தைக் கைவிட மேலதிகாரிகள் சம்மதிப்பது கடினம். அந்தச் சண்டையில் நேரத்தைச் செலவிடுவதைவிடச் சிசி பையோடு இன்றே ஏற்றுவது மேல்.

வணிகத்துக்குக் கூடாது என்ற உரிமத்தைப் பலர் விரும்புகிறார்கள். பெரிய விதை நிறுவனம் இலவசமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். விளைவு வேறு. பெரிய நிறுவனத்துக்குச் சொந்த ஆய்வுப் பண்ணைகள் இருக்கின்றன, உங்கள் பாத்தி இல்லாவிட்டாலும் அதன் பிழைப்பு நடக்கும். மாட்டிக்கொள்வது, உறுப்பினர்களுக்கு உர ஆலோசனையைச் சிறு கட்டணத்துக்குக் கொடுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். அதுவும் வணிகம்தானே.

நாட்டு ரகங்கள் விஷயத்தில் மட்டும் நான் இவ்வளவு தாராளமாக இல்லை. எந்த ஊரில், யாருடைய வயலில் எந்தப் பாரம்பரிய நெல் இருக்கிறது, அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவல் ஒருவரின் சொத்து அல்ல, ஒரு சமூகத்தின் சொத்து. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டம் இங்கே குறுக்கே வரும். மரபணு வரிசைத் தரவிலிருந்து கிடைக்கும் லாபத்தில் பங்கு கொடுக்க 2025 பிப்ரவரியில் கலி நிதி என்ற உலக நிதி தொடங்கப்பட்டதற்கும் காரணம், திறந்த தரவின் பலன் ஒரே பக்கமாகப் பாய்கிறது என்ற மனக்குறைதான். பழங்குடித் தரவுக்காக 2019இல் வந்த கேர் கொள்கைகளும் தரவின் மேல் அந்தச் சமூகத்துக்கு அதிகாரம் வேண்டும் என்கின்றன. ரகத்தின் பண்புகளைத் திறந்து வையுங்கள். எங்கே கிடைத்தது என்பதை வட்டம் (தாலுகா) அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பூட்டிய கோப்பைப் பற்றி ஒரு நடைமுறைச் செய்தி. டேட்டாவெர்ஸில் அனுமதி கேட்டு வரும் மின்னஞ்சல் யாருக்குப் போகும் என்பதை ஏற்றும்போதே முடிவு செய்துவிட வேண்டும். அங்கே ஆய்வு மாணவரின் சொந்த முகவரியைக் கொடுத்தால், பட்டம் வாங்கிப் போன மறுவருடம் கேட்பவருக்குப் பதில் இருக்காது. துறைத் தலைவர் பதவிக்கான பொது முகவரியைக் கொடுங்கள். யாருக்குத் தரலாம், எதற்குத் தரக்கூடாது, எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று அரைப் பக்கத்தில் எழுதி அந்தக் கோப்போடேயே வையுங்கள். அடுத்து வரும் துறைத் தலைவருக்கு உங்கள் மாணவரின் கணக்கெடுப்பைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.